கூடையில போடுறாங்க, காசு கட்டாம போயிடுறாங்க. கருவாட்டு சைட்டுக்கு மென்பொருள மாத்தணுமா?

பாம்பன்_கருவாடு
அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் பாம்பன்ல இருந்து கருவாடு ஆன்லைன்ல விக்கிறேன். வூகாமர்ஸ்னு ஆன்லைன் கடை நடத்துற மென்பொருள்ல ஒரு தம்பி போட்டுக்குடுத்த சைட்டு, ரெண்டு வருசமா ஓடுது. ஆரம்பத்துல சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்கன்னு ஓடுச்சு, இப்ப இன்ஸ்டா பாத்துட்டு தெரியாத ஆளுங்களும் வர்றாங்க. வர்றாங்க, ஆனா வாங்கல. போன மாசம் 212 பேரு கூடையில போட்டுருக்காங்க, காசு கட்டுனது 31 பேருதான். மிச்சப்பேரு எங்க போனாங்கன்னே தெரியல. ஒருத்தர் சொல்றாரு தீமு, அதான் சைட்டோட தோற்றம், பழசா இருக்கு அதான்னு, இன்னொருத்தர் சொல்றாரு வூகாமர்ஸ விட்டுட்டு ஷாப்பிஃபைக்கு போ எல்லாம் சரியாகும்னு. மாசாமாசம் வாடகை கட்டுற அளவுக்கு எனக்கு வியாபாரம் இல்லண்ணே, ஆனா மாத்துனாத்தான் ஓடும்னா கடன் வாங்கியாச்சும் மாத்திடுவேன். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஈசிஆர்_மாப்ள
மாத்திடு மச்சி. கையோட ஒரு கவுண்ட்டவுன் டைமரும் போடு, "இன்னும் 2 பாக்கெட்தான் பாக்கி", "இப்ப 23 பேரு பாத்துட்டு இருக்காங்க"ன்னு கீழ ஓடுமே அதுவும். என் ஃபிரண்டு செருப்பு சைட்டுல போட்டான், சேல்ஸ் பிச்சுக்கிச்சு.

கீழக்கரை_காக்கா
23 பேரு எங்க பாக்குறான் தம்பி, கடலுக்குள்ளயா? பொய்யா அவசரப்படுத்துறது, கேக்காமலே கூடையில இன்னொரு பொருள சொருகுறது, வெலைய கொஞ்சங்கொஞ்சமா கடைசியில ஏத்திக் காட்டுறது, இதையெல்லாம் மத்திய அரசு 2023ல 13 வகையா பட்டியல் போட்டு தடுத்தாச்சு. அது ஒரு பக்கம். நாம விக்கிறது தொதல் இனிப்பும் கருவாடும், வாயில போட்டா நெசம் தெரிஞ்சிரும். ஒருதடவை ஏமாந்தவன் திரும்ப வரமாட்டான், வராட்டிகூட பரவால்ல, குடும்ப வாட்ஸப் குரூப்புல போட்டு விட்டுருவான்.

தொண்டி_கோடர்
பாம்பன் தம்பி, மாத்துறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ஷாப்பிஃபை நல்ல சரக்குதான், குறை சொல்லல. அது பொறந்த கதையே நம்ம கதைதான். 2004ல கனடாவுல பனிச்சறுக்குப் பலகை விக்க ஒரு ஆன்லைன் கடை போட்டாங்க, அப்ப கெடச்ச மென்பொருள் எதுவும் ஒத்துவராம தாங்களே எழுதுனாங்க, 2006ல பலகைய விட்டுட்டு அந்த மென்பொருளையே விக்க ஆரம்பிச்சிட்டாங்க. அதுல சர்வர், அப்டேட் தொல்லை உனக்கு இல்ல, பதிலுக்கு வாடகை. வூகாமர்ஸ்ல மென்பொருள் இலவசம், சைட்ட வைக்கிற எடமும் (ஹோஸ்டிங்) கூடுதல் வசதிக்கு சேக்குற ப்ளகினும் உன் தலையில. ரெண்டுலயும் கடைய நடத்தலாம். ஆனா எந்த எடத்துல ஆளு எறங்கிப் போறான்னு தெரியாம பஸ்ஸ மாத்துனா புது பஸ்லயும் அதே ஸ்டாப்புல எறங்கிருவான்.

ஒண்ணு செய். உன் சைட்ட இதுவரைக்கும் பாக்காத ஒருத்தர் கையில போனக் குடுத்து ஒரு பாக்கெட் வாங்கச் சொல்லு. பக்கத்துல ஒக்காரு. வாய மட்டும் தெறக்காத, "அங்க அமுக்கு இங்க அமுக்கு"ன்னு சொன்னா போச்சு. எங்க விரல் நிக்குதோ எழுதி வை. லாகின் ஆகாத போனா இருக்கணும், உன் போன்ல உன் அட்ரஸ் எல்லாம் ஏற்கனவே நெரம்பி இருக்கும், உனக்கு வலியே தெரியாது.

சாயல்குடி_கருப்பட்டி
நான் சொல்லட்டுமா எங்க எறங்கியிருப்பாங்கன்னு. டெலிவரி சார்ஜ். 200 ரூவா கருப்பட்டிக்கு கடைசிப் பக்கத்துல போயி டெலிவரி 120ன்னு காட்டுனா நானே மூடிட்டுப் போயிருவேன். பேமார்ட்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் வருசக்கணக்கா இதையே பாத்துட்டு இருக்காங்க, உலகம் முழுக்க சராசரியா பத்துக் கூடையில ஏழு அப்படியே கெடக்குதாம். சும்மா வேடிக்கை பாக்க வந்தவங்கள கழிச்சிட்டா, விட்டுட்டுப் போறதுக்கு முதல் காரணம் கடைசியில வர்ற கூடுதல் செலவுதான்னு சொல்றாங்க. அதனால தம்பி 212ல 31ன்னு ரொம்ப கலங்காதீங்க, ஏழு பேரு எல்லாருக்கும்தான் போறாங்க. உங்களுக்குக் கொஞ்சம் அதிகமா போறாங்க, அம்புட்டுதான்.

பாம்பன்_கருவாடு
கோடர் அண்ணே, நீங்க சொன்னத அப்படியே செஞ்சேன். தங்கச்சிமடத்துல எங்க அத்தை இருக்கு, மக மதுரைல கட்டிக்குடுத்துருக்கு, மகளுக்கு நெத்திலி அனுப்பணும்னு சொல்லிட்டே இருந்துச்சு. சரி இதுலயே வாங்கு அத்தைன்னு அதோட போன்லயே சைட்ட தெறந்து குடுத்துட்டு வாய மூடிட்டு ஒக்காந்தேன். நடந்தத அப்படியே சொல்றேன், சிரிக்காதீங்க.

முதல்ல பக்கம் தெறக்கவே இல்ல. வெள்ளையா நின்னுச்சு. அத்தை "கரண்டு இல்லையாடா"ங்குது. அப்புறம் மேல இருந்து ஒவ்வொரு படமா உரிஞ்சு உரிஞ்சு எறங்குது. நான் கடற்கரையில காயப்போட்டத போன்ல எடுத்த போட்டோ எல்லாம் அப்படியே ஏத்தியிருக்கேன், ஒண்ணொண்ணும் 4 எம்பி 5 எம்பி. ஒருவழியா நெத்திலிய கண்டுபிடிச்சு கூடையில போட்டுச்சு. போட்டதே அதுக்கு தெரியல, மேல ஓரத்துல பொடியா 1ன்னு வந்துருக்கு, அது பாக்கல, மறுபடி அமுக்கிச்சு, மறுபடி. கூடையில மூணு பாக்கெட்டு.

அடுத்து ஃபாரம். பேரு, கடைசிப் பேரு, கம்பெனி பேரு, நாடு, தெரு ஒண்ணு, தெரு ரெண்டு. கம்பெனி பேருல நின்னுடுச்சு. "கருவாடு வாங்க வந்தவகிட்ட கம்பெனி பேரு கேக்குறானே, மருமகன் கம்பெனிய போடவா?"ன்னு கேக்குது. எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு, அடக்கிக்கிட்டேன். அப்புறம் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லுது, வச்சா பத்தாது இன்னும் கஷ்டமா வைங்குது. அதுலயே ரெண்டு நிமிசம். கடைசியில மதுரை பின்கோடு போட்டா டெலிவரி 180. அத்தை போன எங்கிட்ட நீட்டிட்டு, "நாளைக்கு பஸ்ல யாராச்சும் போவாக, குடுத்து விடுறேன்"னு எந்திரிச்சுப் போயிருச்சு.

180 எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியலண்ணே. தமிழ்நாட்டுக்குள்ள 70ன்னுதான் நான் போட்டு வச்சிருக்கேன்.

தொண்டி_கோடர்
உன் அத்தைக்கு ஒரு கிலோ நெத்திலி ஓசில குடு, எந்த கன்சல்டன்டும் இவ்வளவு சொல்லமாட்டான்.

180க்கு காரணம் எனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். செட்டிங்ஸ்ல ஷிப்பிங் ஸோன்னு எந்தப் பகுதிக்கு டெலிவரி எவ்வளவுன்னு வைக்கிற பக்கத்துல போயி பாரு, "இந்தியா" மேலயும் "தமிழ்நாடு" கீழயும் இருக்கா?

பாம்பன்_கருவாடு
ஆமாண்ணே!! இந்தியா 180 மேல, தமிழ்நாடு 70 கீழ.

தொண்டி_கோடர்
அதான். வூகாமர்ஸ் மேல இருந்து கீழ படிக்கும், முதல்ல எது பொருந்துதோ அதோட நின்னுக்கும். மதுரை இந்தியாலதானே இருக்கு, அதனால 180. தமிழ்நாட்ட இழுத்து மேல விடு. ராம்நாடு பக்கத்துக்கு இன்னும் கம்மியா வைக்கணும்னா அதுக்கும் மேல ஒரு ஸோன் போட்டு பின்கோடு கட்டத்துல 623*ன்னு குடு, 623ல ஆரம்பிக்கிற எல்லாத்தையும் பிடிச்சுக்கும். ரெண்டு வருசமா மதுரைக்காரன், கோயம்புத்தூர்க்காரன் எல்லாருக்கும் 180 காட்டியிருக்க நீ, தீமு மேல பழி போட்டுட்டு.

மத்ததுக்கு: கம்பெனி பேரு, ரெண்டாவது தெரு ரெண்டையும் மறைச்சிரு, காசு கட்டுற செக்அவுட் பக்கத்த எடிட் பண்ணாலே அதுக்கு ஆப்ஷன் இருக்கு. அக்கவுன்ட்ஸ் செட்டிங்ஸ்ல கெஸ்ட் செக்அவுட்ட ஆன் பண்ணு, பாஸ்வேர்டு கேக்காது. கருவாடு வாங்க எதுக்குப்பா பாஸ்வேர்டு. படத்தையெல்லாம் அகலம் 1000 பிக்சல்கிட்ட சுருக்கி வெப்பி ஃபார்மட்ல ஏத்து, ஒண்ணு 100 கேபிக்குள்ள நிக்கும். கூகுள் கணக்குல ஒரு பக்கத்தோட பெரிய படமோ எழுத்தோ 2.5 செகண்டுக்குள்ள தெரிஞ்சாத்தான் நல்ல பக்கம். சைட்டு வேகத்த அளக்குற கூகுளோட பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ல உன் சைட்டு பேரப் போட்டு மொபைல் கணக்க மட்டும் பாரு, கம்ப்யூட்டர் கணக்கு எப்பவும் நம்மள தட்டிக்குடுத்து ஏமாத்தும். பக்கத்த சேமிச்சு வச்சு வேகமா காட்டுற கேஷ் (cache) ப்ளகின் போட்டா கூடை, செக்அவுட், மை அக்கவுன்ட் மூணு பக்கத்தையும் அதுல இருந்து வெலக்கி வை, இல்லன்னா ஒருத்தன் கூடை இன்னொருத்தனுக்கு தெரியுற கூத்தெல்லாம் நடக்கும்.

மண்டபம்_பார்சல்
நான் பார்சல் புக்கிங் பக்கம் இருக்கேன். தம்பி தமிழ்நாட்டுக்கு 70ன்னு கண்ண மூடிட்டு போட்டுறாதீங்க, கையக் கடிக்கும். நெத்திலி எடை இல்லாத சரக்கு, ஆனா எடத்த அடைக்கும். கூரியர்ல பெரும்பாலும் நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுத்து அந்த எடையத்தான் போடுவாங்க, நெச எடை அதவிட கம்மியா இருந்தாலும். 30க்கு 20க்கு 20 பொட்டின்னா 12000, 5000ஆல வகுத்தா 2.4 கிலோ. உள்ள இருக்குறது ஒரு கிலோ நெத்திலி. நீங்க ஒரு கிலோவுக்கு வாங்கி 2.4க்கு கட்டுவீங்க. சைட்டுல ஒவ்வொரு பொருளுக்கும் எடை அளவு கட்டம் இருக்குமே அத நெரப்புங்க, ஷிப்பிங் கிளாஸ்னு ஒண்ணு இருக்கு, நெத்திலி சென்னாகூனி மாதிரி பொங்குற சரக்கு ஒரு கிளாஸ், சீலா திருக்கை மாதிரி கனமான துண்டு ஒரு கிளாஸ்னு பிரிச்சு ரேட்டு வைங்க.

அப்புறம் வாடை. காத்து உறிஞ்சுன கவரு, அதுக்கு மேல இன்னொரு கவரு, அதுக்கு மேல அட்டைப்பொட்டி. கவர் ஓட்டையாகி பக்கத்து பார்சல்ல இருந்த கல்யாணப் பட்டுல வாடை ஏறி எங்க ஆபீஸ்ல நடந்த பஞ்சாயத்த சொன்னா நீங்க கருவாடு விக்கிறதையே விட்டுருவீங்க.

மதுரை_சமையக்காரி
இங்க எல்லாரும் விக்கிறவங்களாவே பேசுறீங்க, வாங்குறவ நான் பேசுறேன். டெலிவரி சார்ஜ் சரி, பாஸ்வேர்டு சரி. ஆனா நான் கருவாடு ஆன்லைன்ல வாங்காம வந்ததுக்கு காரணம் மணலு. ஒருதடவை ஒரு எடத்துல வாங்கி அலசுனேன் அலசுனேன் சட்டி அடியில மணலு நிக்குது, குழம்பு வாயில வச்சா நறநறங்குது. உங்க சைட்டுல இப்ப போயி பாத்தேன் தம்பி. "உயர்தரமான சுவையான இயற்கையான நெத்திலி கருவாடு"ன்னு போட்டுருக்கீங்க. இத எவன் போடல? எனக்கு தெரிய வேண்டியது: மணல்ல காயப்போட்டதா வலை விரிச்சு காயப்போட்டதா, தலை கிள்ளுனதா இல்லையா, உப்பு தூக்கலா கம்மியா, கால் கிலோல எத்தன துண்டு நிக்கும், எந்த மாசம் காஞ்சது. கடையில போனா நான் கையில எடுத்து ஒடிச்சுப் பாப்பேன், மோந்து பாப்பேன். உங்க சைட்டுல ஒடிக்க முடியாதுல்ல, அப்ப நீங்கதான் ஒடிச்சுக் காட்டணும்.

பாம்பன்_கருவாடு
அக்கா நாங்க வலையிலதான் காயப்போடுறோம், மூங்கில் பரண் கட்டி அதுக்கு மேல. தரையில போடவே மாட்டோம். இது சொல்லணும்னே எனக்குத் தோணல, எங்களுக்கு அது சாதாரணம்.

மதுரை_சமையக்காரி
அதத்தான் மொதல் வரியா போடுங்க. அந்தப் பரண் போட்டோவையும்.

கீழக்கரை_காக்கா
அந்த அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன். தேடுற கட்டம். வூகாமர்ஸ்ல சும்மா வர்ற தேடல் நீங்க எழுதி வச்ச எழுத்து அப்படியே இருந்தாத்தான் எடுத்துக் குடுக்கும். நம்ம பக்கம் சீலாங்கிறோம், மெட்ராஸ்காரன் வஞ்சிரம்பான், நாகர்கோயில்காரன் நெய்மீனுங்குறான். நம்ம காரல் அவங்களுக்கு காரப்பொடி. சாளைய மத்தின்னு தேடுவாங்க. இதுபோக பாதிப்பேரு தமிழ்ல டைப் பண்ணவே மாட்டான், இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிப்பான், நெத்திலிய நெத்லின்னு ஒருத்தன் நெத்திலின்னு ஒருத்தன். உன் சைட்டுல சீலான்னு மட்டும் இருந்தா வஞ்சிரம்னு தேடுனவனுக்கு "ஒன்றும் கிடைக்கவில்லை"ன்னு வரும், சரக்கு பரண்ல கெடக்கும். நான் தொதல இங்கிலீஷ் எழுத்துல எத்தன விதமா அடிக்கிறாங்கன்னு வேடிக்கையா எழுதி வச்சேன், ஏழு விதம் வந்துச்சு. எல்லாத்தையும் ஒரு வரியில சுருக்கக் குறிப்புல சேத்துட்டேன். மாற்றுப்பேரு சேக்குற தேடல் ப்ளகினும் இருக்கு, ஆனா இருபது பொருளுக்கு அதெல்லாம் வேணாம், கையால எழுது.

ஈசிஆர்_மாப்ள
சரி டைமர் வேணாம் ஒத்துக்குறேன். கேஷ் ஆன் டெலிவரி போட்டா நெறைய பேரு வாங்குவாங்கல்ல?

மண்டபம்_பார்சல்
வாங்குவாங்க. வாசல்ல வச்சு வேணாம்பாங்க. போயி திரும்பி வர்ற கருவாட்டுப் பொட்டிய நீ வந்து எடுத்துட்டுப் போ மாப்ள.

சாயல்குடி_கருப்பட்டி
ஹஹஹ. ஆனா முழுசா நிறுத்தவும் வேணாம். குறிப்பிட்ட ஷிப்பிங் முறைக்கு மட்டும் கேஷ் ஆன் டெலிவரின்னு வைக்கலாம், அதுக்கு செட்டிங்ஸ் இருக்கு. நான் ராம்நாடு மதுரைக்கு மட்டும் வச்சிருக்கேன். பழக்கமான ஊரு, போன் போட்டா எடுப்பாங்க.

தம்பி இன்னொன்னு, யூபிஐல காசு போயிருச்சு ஆனா ஆர்டர் விழலன்னு உங்களுக்கு வருதா? எனக்கு வாரத்துக்கு ரெண்டு வருது, வாடிக்கையாளர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி சண்டை போடுறாங்க, எங்க ஊர்ப் பேரச் சொல்லி ஏமாத்துறியான்னு ஒருத்தர் கேட்டுட்டாரு, அன்னைக்கு சாப்பிடவே முடியல.

பாம்பன்_கருவாடு
வருதுக்கா. நான் அத கேட்வே, அதான் ஆன்லைன்ல காசு வாங்கித் தர்ற சேவை, அதோட தப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

தொண்டி_கோடர்
கேட்வே மேல பாயாதீங்க, பெரும்பாலும் நம்ம பக்கத்து வேலைதான் பாக்கி இருக்கும். நடக்குறது என்னன்னா, வாங்குறவர் உங்க சைட்டுல இருந்து யூபிஐ ஆப்புக்கு தாவுறாரு, பின் போடுறாரு, காசு போயிருது. போன உடனே ஆப்ப மூடிட்டு வேற வேலைக்குப் போயிடுறாரு, உங்க சைட்டுக்கு திரும்பி வர்றதே இல்ல. திரும்பி வந்தாத்தான் ஆர்டர் "கட்டியாச்சு"ன்னு மாறுற மாதிரி வச்சிருந்தா அது "பெண்டிங்"லயே நிக்கும். இதுக்குத்தான் வெப்ஹூக். வாங்குறவர் திரும்ப வந்தாலும் வராட்டியும் கேட்வேயே உங்க சர்வருக்கு நேரா தகவல் சொல்லும். கேட்வே டேஷ்போர்டுல உங்க சைட்டு முகவரியும் ரகசிய சாவியும் போடணும், பத்து நிமிச வேலை.

இதுல இன்னொரு கூத்தும் ஒளிஞ்சிருக்கு. வூகாமர்ஸ் காசு கட்டாத ஆர்டருக்கும் 60 நிமிசம் சரக்க பிடிச்சு வைக்கும், அதுக்கப்புறம்தான் ரத்து பண்ணி விடும். உங்ககிட்ட கடைசி மூணு பாக்கெட் இருக்கு, மூணு பேரு பாதியில விட்டுட்டாங்கன்னா ஒரு மணி நேரத்துக்கு வர்றவனுக்கெல்லாம் "ஸ்டாக் இல்ல". இன்வென்ட்டரி செட்டிங்ஸ்ல அந்த 60ஐ 20 ஆக்கிடுங்க. ஆனா வெப்ஹூக் போட்டுட்டு கொறைங்க, மொதல்ல இத கொறைச்சா காசு கட்டுனவன் ஆர்டரே சீக்கிரமா ரத்தாகும்.

சாயல்குடி_கருப்பட்டி
வெப்ஹூக் போட்டுட்டேன் கோடர். ரெண்டு வருசமா அந்தக் கட்டம் காலியா கெடந்துருக்கு. என்னத்த சொல்ல.

கீழக்கரை_காக்கா
மீன்பிடித் தடைக்காலத்துக்கும் இப்பவே ரோசன பண்ணு பாம்பன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு சரக்கு மட்டும்தான். அப்ப பாதிப் பொருளு ஸ்டாக் இல்லன்னு சாம்பல் கலர்ல நிக்கும், வந்தவன் கடையே மூடியாச்சுன்னு போயிருவான். இல்லாத பொருள பட்டியல்ல கீழ தள்ளு, "வந்ததும் சொல்லு" பட்டன் வச்சு நம்பர வாங்கிக்க. ஐப்பசி கார்த்திகை மழையிலயும் இதேதான், வெயில் இல்லாம எங்க காயவைப்ப. ஏன் இல்லன்னு ஒரு வரி எழுதி வை, கடல்ல தடைக்காலம்னு சொன்னா ஜனங்க புரிஞ்சுக்கும், சும்மா "அவுட் ஆஃப் ஸ்டாக்"னா உம்மேல சந்தேகம் வரும்.

அப்படியே கருவாட்டுக்கு கூட்டா நம்ம முண்டு மிளகாயையும் கூடைப் பக்கத்துல காட்டு, கிராஸ் செல்னு ஒரு கட்டம் இருக்கு. 2023ல புவிசார் குறியீடு வாங்குன மிளகாய், கருவாட்டுக் குழம்புக்கு அத விட்டா வேற ஏது. ஆனா நெச ராம்நாடு முண்டா இருக்கணும், வேற ஊரு குண்டு மிளகாய வாங்கி அந்தப் பேர ஒட்டிடாத.

பாம்பன்_கருவாடு
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், வலைக் கம்பெனி வேலை, கல்யாணம்னு போயிருச்சு.

ஸோன் மாத்துன அன்னைக்கு ராத்திரியே மதுரைல இருந்து ரெண்டு ஆர்டர். படம் சுருக்குனதுல அத்தை போன்ல இப்ப டக்குன்னு தெறக்குது. பொருள் பக்கத்துலயே பின்கோடு போட்டு டெலிவரி எவ்வளவுன்னு பாக்குற கட்டம் வச்சேன், 999க்கு மேல தமிழ்நாட்டுக்குள்ள ஃப்ரீன்னு வச்சேன், நெத்திலிய மட்டும் அளந்து தனி கிளாஸ்ல போட்டேன். பரண் போட்டோ, நெத்திலிய ரெண்டா ஒடிச்சு உள்ளங்கையில வச்ச போட்டோ, "வலையில் காய்ந்தது, மணல் இல்லை, உப்பு நடுத்தரம், கால் கிலோ". உணவுப் பாதுகாப்பு எஃப்எஸ்எஸ்ஏஐ 14 இலக்க நம்பரும் அடியில போட்டாச்சு, அது எங்கயோ ஒரு மூலையில கெடந்துச்சு. இந்த மூணு வாரத்துல 140 பேரு கூடையில போட்டாங்க, 44 பேரு வாங்கிட்டாங்க. மென்பொருள மாத்தல. தீமும் அதே பழசுதான்.

வஞ்சிரம்னு தேடி ஒரு தாம்பரம் அம்மா சீலா வாங்குச்சு. குறிப்புக் கட்டத்துல எழுதியிருக்கு, "பார்சலை அபார்ட்மென்ட் செக்யூரிட்டியிடம் கொடுக்க வேண்டாம், போன தடவை அசோசியேஷன் மீட்டிங் போட்டுவிட்டார்கள்"னு. மண்டபம் அண்ணன் சொன்ன மூணு அடுக்குல போட்டு அனுப்புனேன், சத்தமே வரல.

மதுரை_சமையக்காரி
நானும் வாங்குனேன் தம்பி, பேரு சொல்லல. மணல் இல்ல. உப்பு நடுத்தரம்னு போட்டது பொய்யி, தூக்கல்தான். மாத்திப் போடுங்க.

பாம்பன்_கருவாடு
மாத்திட்டேன்கா. அம்மா கைப்பக்குவம், அதுக்கு அதுதான் நடுத்தரம்.

இன்னொரு டவுட்டு கோடர் அண்ணே. ஆர்டர் போட்டா பிடிஎஃப் ரசீது போகுதுல்ல, அதுல நெத்திலின்னு வரமாட்டேங்குது. கொம்பு "ந"வுக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போயி நிக்குது, கூட ஒரு புள்ளி வட்டம் வேற. சைட்டுல நல்லாத்தான் தெரியுது. ஒரு வாத்தியார் வாங்குனாரு, ரசீத சிவப்புப் பேனாவுல திருத்தி போட்டோ எடுத்து அனுப்பிட்டாரு.

தொண்டி_கோடர்
ஹஹா. பிடிஎஃப் செய்யிற ப்ளகினுக்கு தமிழ் எழுத்த கோக்கத் தெரியல. கம்ப்யூட்டர்ல "ந" மொதல்ல, கொம்பு அடுத்துன்னுதான் சேமிக்கும், காட்டும்போதுதான் கொம்ப முன்னாடி இழுக்கணும், அது இழுக்கல. ஃபான்ட்ட மட்டும் மாத்துனா சரியாகாது. ப்ளகின் பேர எனக்கு தனி மெசேஜ்ல அனுப்பு, ராத்திரி பாக்குறேன். அதுவரைக்கும் பிடிஎஃப்ப நிறுத்திட்டு மெயில்லயே ரசீத அனுப்பு, அதுல ஒழுங்கா வரும்.